ஒத்துக்காரர் நின்ற இடம்: டேன்ஜரின் ட்ரீம் குழுவும் கரிசல் நாட்டு நையாண்டி மேளமும் – ஓர் ஒப்பீட்டு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மின்னணுக் கருவி ஓர் இசைக்குழுவிற்குள் நுழையும்போது அக்குழுவின் ஆள் அணி மாறுகிறது. அம்மாற்றம் பதிவாகும் முறையைப் பொறுத்தே பின்னாளில் அக்குழுவின் வரலாற்றை எழுத இயலும். 1967இல் மேற்கு பெர்லினில் தோன்றிய டேன்ஜரின் ட்ரீம் என்னும் பரிசோதனை மின்னணு இசைக்குழுவின் அணி மாற்றங்கள் ஆண்டு, பெயர், கருவி என விரிவாகப் பதிவாகியுள்ளன. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கோயில் கொடைகளில் ஒலிக்கும் நையாண்டி மேளத்தில் ஒத்துக்காரரின் இடத்தை மின்னணுச் சுருதிப்பெட்டி எடுத்துக்கொண்ட மாற்றமோ ஆளின் பெயரின்றி நிகழ்ந்து முடிந்துள்ளது. இவ்விரண்டையும் ஒப்புநோக்கும் இக்கட்டுரை, ஒத்து என்பது சுருதி தரும் கருவியாக மட்டுமன்றிக் கற்கும் இடமாகவும் இருந்ததை எடுத்துக்காட்டுகிறது. நிகழ்த்துகலை ஆய்வு கருவிப் பட்டியலோடு நின்றுவிடாமல் ஆள் அணியையும் பதிவு செய்ய வேண்டியதன் தேவையை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: நையாண்டி மேளம், ஒத்து, மின்னணுச் சுருதிப்பெட்டி, அணி மாற்றம், டேன்ஜரின் ட்ரீம், கரிசல் நாடு

முன்னுரை

ஒருவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுபவரை ‘ஒத்து ஊதுகிறார்’ என்று குறிப்பிடுவது தமிழ்ப் பேச்சுவழக்கு. ‘ஜால்ரா போடுதல்’, ‘பின்பாட்டுப் பாடுதல்’ ஆகிய தொடர்களும் ஏறத்தாழ இதே பொருளில் வழங்குகின்றன. ‘சிங்கியடித்தல்’ வறுமையில் வாடுவதைக் குறிக்கிறது. இவை நான்கும் இசைக்குழுவிலிருந்து பிறந்த வழக்குகள். நான்குமே துணைநிலைக் கலைஞரின் செயலைச் சுட்டுபவை. சுருதி தருபவர், தாளம் காப்பவர், பின்னின்று பாடுபவர் ஆகியோரின் பணி, தன் கருத்து இல்லாதவரின் செயலுக்கு உவமையாகியிருக்கிறது. மொழி இவர்களை எந்த இடத்தில் வைத்துப் பார்த்தது என்பதற்கு இவ்வழக்குகளே சான்று.

இந்நால்வரில் ஒத்துக்காரர் இன்று பெரும்பாலான மேளங்களில் இல்லை. அவர் நின்ற இடத்தில் மின்சாரத்திலோ மின்கலத்திலோ இயங்கும் சிறிய பெட்டி ஒன்று உள்ளது. தமிழக நிகழ்த்துகலைக் குழு ஒன்றில் மின்னணுவியல் ஓர் ஆளின் இடத்தை முழுமையாக நிரப்பிய தொடக்கநிலை மாற்றங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும், திரையிசையில் சிந்தசைசரின் வருகை பெற்ற கவனத்தில் சிறு பங்கைக்கூட இம்மாற்றம் பெறவில்லை.

மின்னணுக் கருவியால் ஒரு குழுவின் அணி எவ்வாறு மாறுகிறது என்பதை அறிய, அம்மாற்றம் நன்கு பதிவாகியுள்ள குழு ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அந்நோக்கிலேயே டேன்ஜரின் ட்ரீம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரு குழுக்களின் இசையும் வேறு. சமூகச் சூழலும் வேறு. ‘குழுவிற்குள் ஒரு பணியை இயந்திரம் ஏற்கும்போது, அதுவரை அப்பணியைச் செய்தவர் என்ன ஆகிறார்?’ என்னும் வினா மட்டும் இரண்டிற்கும் பொது. ஒப்பீடு இவ்வினாவின் எல்லைக்குள் நிகழ்கிறது.

இருவகைப் பட்டியல்கள்

தமிழிலக்கியம் இசைக்குழுவை இருவகையாகப் பட்டியலிடுகிறது. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் கூத்தர் சுமந்து செல்லும் கருவிகளை அடுக்குகிறது. முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை என்று நீளும் அவ்வரிசையில் கருவிகள் பைகளில் இடப்பட்டு வழிநடைக்கு ஆயத்தமாகின்றன. எந்தக் கருவியை யார் இசைப்பார் என்பது அங்கே பேசப்படவில்லை. ஆற்றுப்படையின் நோக்கிற்கு அது தேவையுமில்லை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை இதற்கு மாறானது. அது ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என ஆட்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரும் என்ன அறிந்திருக்க வேண்டும் என்பதைத் தனித்தனியே விளக்குகிறது. ஆடி முதிர்ந்த தோரிய மடந்தையர் அரங்கில் நிற்கும் இடமும் குறிக்கப்படுகிறது. குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், தண்ணுமையை முழவும் பின்தொடரும் முறை அதன்பின் வருகிறது. இங்குக் குழு என்பது ஆட்களின் அறிவாலும் அவர்களுக்கிடையிலான ஒழுங்காலும் ஆனது.

நாட்டார் நிகழ்த்துகலைகளைப் பற்றிய தற்கால அறிமுக நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் முதல்வகைப் பட்டியலையே பின்பற்றுகின்றன. நையாண்டி மேளம் என்றால் நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை ஒன்று, தமுக்கு ஒன்று, தாளம், சுருதிப்பெட்டி என்று கருவிகளும் எண்ணிக்கையும் தரப்படும். இப்பட்டியல் தவறானதன்று. ஆனால், இதில் ‘ஒத்து’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘சுருதிப்பெட்டி’ என்ற சொல் வந்து அமரும்போது, ஒரு கருவிக்குப் பதில் இன்னொரு கருவி வந்ததாக மட்டுமே அது காட்டும். ஓர் ஆள் குறைந்தார் என்பதைக் கருவிப் பட்டியலால் காட்ட இயலாது.

கரிசல் நாட்டுச் செட்டு

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி வட்டாரம் வானம் பார்த்த நிலம். வடகிழக்குப் பருவமழையும் கண்மாய் நீருமே அதன் வேளாண்மைக்கு ஆதாரம். திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறும் ஆண்டு முழுவதும் நீர் காண்பதில்லை. பருத்தி, சிறுதானியங்கள், மல்லி, மிளகாய் என மானாவாரிப் பயிர்கள் தை, மாசியில் வீடு வந்தபின் நிலம் ஓய்வு கொள்கிறது. அவ்வோய்வில் பங்குனி, சித்திரை மாதங்களின் அம்மன் பொங்கல்களும் குலதெய்வக் கொடைகளும் நெருக்கமாக அமைகின்றன. கரகாட்டமும் அதற்குப் பக்க இசையாகும் நையாண்டி மேளமும் இப்பருவத்தை நம்பியே வாழ்பவை.

இந்நிலத்தில் நிகழ்த்துகுழுவைக் குறிக்க வழங்கும் சொல் ‘செட்டு’. கரகாட்டச் செட்டு, மேளச் செட்டு என்பர். ஒலிபெருக்கியும் அதன் துணைக்கருவிகளும் இதே சொல்லால் ‘மைக் செட்டு’, ‘ரேடியோ செட்டு’ எனப்படுகின்றன. ஆட்களின் கூட்டத்திற்கும் கருவிகளின் கூட்டத்திற்கும் ஒரே பெயர் வழங்குவது நோக்கத்தக்கது. விழாக் குழுவின் பார்வையில் இரண்டும் முன்பணம் கொடுத்து ஒரு நாளுக்கு ஒப்பந்தம் செய்யப்படுபவை. வந்து சேர வேண்டியவை. விடிந்ததும் திரும்பிச் செல்பவை.

செட்டின் அணி நிலையானதன்று. அம்மன் விழாக்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையை மையமிட்டு அமைவதால் ஒரே இரவில் பல ஊர்களில் மேளம் தேவைப்படுகிறது. அத்தகைய நாளில் ஒரு குழுவின் இரண்டாம் நாகசுரக்காரர் இன்னொரு குழுவில் தலைமை நாகசுரம் வாசிக்க நேரலாம். பம்பைக்காரர் வேறு வட்டாரத்திலிருந்து வரவழைக்கப்படலாம். குழு தலைவரின் பெயராலோ ஊரின் பெயராலோ அறியப்படுகிறது. எந்த இரவில் எவரெவர் அப்பெயரின் கீழ் நின்று வாசித்தனர் என்பது பணம் பிரிக்கும்வரை மட்டுமே நினைவில் இருக்கும் செய்தி. அணி மாறுவது இங்குக் குழுவின் உடைவன்று. குழு இயங்கும் முறையே அதுதான். ஆகவே, அணி மாற்றத்தை அழிவின் அறிகுறியாகக் கொள்வது இக்கலைக்குப் பொருந்தாது. எந்த மாற்றம் குழுவின் இயல்பு, எந்த மாற்றம் திரும்பப் பெற இயலாதது என்பதைப் பிரித்தறிவதே ஆய்வின் பணி.

ஒத்து: கருவியும் கல்வியும்

ஒத்து என்பது நாகசுரத்தை ஒத்த வடிவுடைய குழல். அதில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் இல்லை. அடிப்பகுதித் துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியை நாகசுரத்தின் ஆதார சுருதியோடு இணைப்பர். ஒலி இடையறாது வர வேண்டுமாதலின், ஒத்துக்காரர் கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வாசிப்பு நீளும் அளவிற்கு அவர் ஊதுதலும் நீளும். கேட்பவர் காதில் அது தனியே விழுவதில்லை; நின்றுபோனால் மட்டுமே உணரப்படும்.

நாகசுரக் கல்வியில் ஒத்து ஒரு படிநிலையாகவும் இருந்தது. மாணவர் ஆசிரியரின் அருகில் ஒத்துடன் நிற்பார். மூச்சுப் பயிற்சி, சுருதி உணர்வு, சீவாளியைக் கையாளும் பழக்கம் ஆகியவை அங்கே உடலில் படிந்தன. அதைவிட முதன்மையானது, ஆசிரியரின் முழு வாசிப்பையும் இரவு முழுவதும் ஒரு கைத்தொலைவில் நின்று கேட்கும் வாய்ப்பு. எந்த இடத்தில் ஆட்டக்காரருக்காக வேகம் கூட்டப்படுகிறது, எந்த இடத்தில் தவிலுக்கு வழிவிடப்படுகிறது, சாமி இறங்கும் வேளையில் எந்த மெட்டு எடுக்கப்படுகிறது என்பவை ஏட்டில் இல்லாத பாடங்கள். ஒத்து ஊதிய சிறுவர் ஊதியம் பெற்றுக்கொண்டே இவற்றைப் பயின்றார்.

இவ்விடத்தின் மாற்றம் மின்னணுவியலோடு தொடங்கவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) கச்சேரி மேடையில் ஒத்திற்குப் பதிலாகத் தம்புராவைக் கொண்டதாக இசை வரலாற்றார் குறிப்பிடுவர். துருத்தியால் இயங்கும் சுருதிப்பெட்டியும் பரவலாயிற்று. ஆனால், அவ்விரண்டிற்கும் ஓர் ஆள் தேவை. தம்புராவை மீட்டவும் துருத்தியை அசைக்கவும் ஒருவர் உடன் அமர்ந்தே ஆக வேண்டும். கருவி மாறிய போதிலும் கற்பவரின் இடம் காலியாகவில்லை. 1970களின் இறுதிவாக்கில் பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணுத் தம்புராவும் அதனையொட்டிப் பரவிய மின்னணுச் சுருதிப்பெட்டிகளும் அத்தேவையை நீக்கின. குமிழைத் திருகிச் சுருதியை அமைத்தபின் பெட்டி தானே ஒலிக்கும். கருவி மாற்றம் ஆள் குறைப்பாக மாறியது இக்கட்டத்தில்தான்.

இசை நோக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. காற்றுக் கருவிகளின் சுருதி வெப்பத்தால் உயரும். பங்குனி வெயிலில் ஊர்வலம் வரும் நாகசுரத்தின் சுருதி காலையில் இருந்தவாறே மாலையில் இருப்பதில்லை. ஒத்தும் அதே வகைக் காற்றுக் கருவியாதலால் அதே வெயிலில் நாகசுரத்தோடு சேர்ந்து உயரும். சிறு விலகலை ஒத்துக்காரர் தம் மூச்சால் சரிசெய்வார். மின்னணுப் பெட்டி வைத்த இடத்தில் நிற்கும். இப்போது இணங்க வேண்டியது நாகசுரம் மட்டுமே. இருவர் ஒருவரையொருவர் நோக்கிச் சரிசெய்துகொண்ட உறவு, ஒருவர் மட்டும் சரிசெய்துகொள்ளும் உறவாக மாறியுள்ளது.

பெர்லின்: பெயரோடு மாறிய அணி

இதே வினாவோடு டேன்ஜரின் ட்ரீம் குழுவின் வரலாற்றை அணுகலாம். 1967இல் எட்கர் ஃப்ரோஸ மேற்கு பெர்லினில் தொடங்கிய இக்குழுவில் இறுதிவரை மாறாதிருந்த ஒரே உறுப்பினர் அவரே. 1970இல் வெளிவந்த ‘எலெக்ட்ரானிக் மெடிடேஷன்’ என்னும் முதல் இசைத்தட்டில் அவருடன் கான்ராட் ஷ்னிட்ஸ்லரும் கிளாஸ் ஷூல்ட்ஸவும் இருந்தனர். தலைப்பு மின்னணுவைச் சொன்னபோதிலும் அதில் கித்தார், செல்லோ, முழவு ஆகியவற்றின் ஒலியே மிகுதி. அத்தட்டோடு அவ்விருவரும் விலகினர். ஷூல்ட்ஸ தனிக்கலைஞராகவும், ஷ்னிட்ஸ்லர் க்ளஸ்டர் என்னும் குழுவின் வழியாகவும் ஜெர்மானிய மின்னணு இசையில் தமக்கென இடம் பெற்றனர். விலகியவரின் அடுத்த கட்டத்தையும் வரலாறு பின்தொடர்ந்தது என்பது இங்குக் கவனத்திற்குரியது.

அடுத்து வந்த கிறிஸ்டோபர் ஃப்ராங்கே அடிப்படையில் ஒரு முழவுக் கலைஞர். 1972இன் ‘ஸைட்’ இசைத்தட்டில் மோக் சிந்தசைசரை இசைத்தவர் குழுவின் உறுப்பினரல்லர். போபோல் வூ குழுவின் ஃப்ளோரியான் ஃப்ரிக்க விருந்தினராக வந்து இசைத்தார். பின்னர் ஃப்ராங்கே மோக் கருவியையும் அதன் சீக்வென்சரையும் கையாளத் தொடங்கினார். சீக்வென்சர் என்பது முன்கூட்டி அமைத்த ஒலித்தொடரைத் தானே திரும்பத் திரும்ப இசைக்கும் அமைப்பு. ஃப்ரோஸ, ஃப்ராங்கே, பீட்டர் பௌமான் மூவரும் இணைந்த 1974இன் ‘ஃபெட்ரா’வில் முழவின் இடத்தைச் சீக்வென்சரின் துடிப்பு ஏற்றது. அக்காலத்து மோக் கருவியின் அலையியற்றிகள் வெப்பநிலைக்கேற்பச் சுருதி விலகும் இயல்புடையவை. அவ்விலகலை இசைத்தட்டிலேயே கேட்கலாம். குமிழ்களைத் தொடர்ந்து சரிசெய்ய ஒருவர் அருகில் நின்றாக வேண்டியிருந்தது. கரிசல் வெயிலில் ஒத்துக்காரர் செய்த பணியோடு இதனை ஒப்பிடலாம்.

இங்குத்தான் ஒப்பீட்டின் மையம் உள்ளது. டேன்ஜரின் ட்ரீமில் முழவுக் கலைஞரின் பணியை இயந்திரம் ஏற்றபோது, அவ்வியந்திரத்தின் பொறுப்பை ஏற்றவர் அதே முழவுக் கலைஞர். தாளத்தைப் பற்றிய அவருடைய அறிவு கையிலிருந்து கருவிக்கு இடம் பெயர்ந்தது; ஆனால் குழுவை விட்டு வெளியேறவில்லை. ஆதலால் சீக்வென்சர் ஓர் இசைக்கலைஞரின் கருவியாகவே மதிக்கப்பட்டது. ஃப்ராங்கேயின் பெயரோடு அது பேசப்படுகிறது.

குழுவின் அணி மேலும் பலமுறை மாறியது. பௌமான் 1977இல் விலகினார். ஜோகனஸ் ஷ்மோலிங் இணைந்தபின் 1980 ஜனவரியில் இக்குழு கிழக்கு பெர்லினில் நிகழ்ச்சி நடத்தியது. 1980களின் நடுவில் ஷ்மோலிங்கும், அப்பத்தாண்டின் இறுதிவாக்கில் ஃப்ராங்கேயும் விலகினர். ஃப்ரோஸவின் மகன் ஜெரோம் 1990 முதல் 2006 வரை உறுப்பினராக இருந்தார். 2005இல் தோர்ஸ்டன் குவெஷ்னிங்கும் 2011இல் வயலின் கலைஞர் ஹோஷிகோ யாமானேயும் இணைந்தனர். 2015 ஜனவரி 20இல் ஃப்ரோஸ மறைந்தபோது, குழு தொடர்வதா என்னும் வினா எழுந்தது. தந்தையோடு குழுவும் முடிந்தது என்பது ஜெரோமின் நிலைப்பாடு. எஞ்சிய உறுப்பினர்கள் தொடர்ந்தனர். 2017இன் ‘குவாண்டம் கேட்’ ஃப்ரோஸ விட்டுச்சென்ற இசைக்கருக்களைக் கொண்டு உருவானது. 2022இன் ‘ரௌம்’ அவருடைய ஒலிநாடாச் சேமிப்பிலிருந்து எடுத்தாண்டது. இன்றைய அணியில் முதல் இசைத்தட்டில் இசைத்த எவரும் இல்லை.

தொடக்கத்து ஆள் ஒருவரும் இல்லாத குழு அதே குழுவா? ஜெரோமின் விடை குழுவை ஆளோடு பிணைக்கிறது. எஞ்சியோரின் விடை குழுவை இசைமுறையோடும் சேமிப்போடும் பிணைக்கிறது. இரண்டில் எது சரி என்பது இங்கு வினாவன்று. அவ்வினாவை எழுப்பி வாதிடத் தேவையான தரவு கிடைக்கிறது என்பதே முதன்மையானது.

ஒப்பீடு

இரு குழுக்களையும் மூன்று நிலைகளில் ஒப்பிடலாம்.

முதலாவது, பணிக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு. ஃப்ராங்கே கருவியோடு உடன் நகர்ந்தார். ஒத்துக்காரர் சுருதிப்பெட்டியின் பொறுப்பாளர் ஆகவில்லை. பெட்டிக்குப் பொறுப்பாளரே தேவைப்படவில்லை. வாசிப்பிற்கு முன் யார் வேண்டுமானாலும் அதனை முடுக்கலாம். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கருவியின் இயல்பு மட்டுமன்று. சீக்வென்சர் குழுவின் புதிய வெளிப்பாட்டிற்காக வந்தது. சுருதிப்பெட்டி ஒரு பங்கைக் குறைப்பதற்கும் பயன்பட்டது. ஒரு பருவத்தின் வருவாயைக் கொண்டு ஆண்டைக் கடத்தும் குழுவிற்கு ஒருவரின் பயணச் செலவும் உணவும் பங்கும் மிச்சமாவது சிறிய செய்தியன்று.

இரண்டாவது, புதிதாக நுழைபவர். மின்னணுவியல் மேளத்திலிருந்து ஆளை வெளியேற்ற மட்டும் செய்யவில்லை, புதியவரையும் கொண்டுவந்துள்ளது. நையாண்டி மேளத்தோடு கீபோர்டும் மின்னணுத் தாளப்பட்டையான ‘பேட்’ கருவியும் சேரும் நிகழ்ச்சிகள் இன்று அரிதல்ல. இவற்றை இசைப்பவர்களின் பயிற்சிக்களம் ஒத்து அன்று. மெல்லிசைக் குழு மரபைச் சேர்ந்தது. ஆகவே மேளத்தின் அணி சுருங்கியது என்பதைவிட, அணிக்குள் நுழையும் வாயில் மாறியது என்பதே பொருத்தம். பழைய வாயில் ஆசிரியரின் பக்கத்தில் இருந்தது. புதிய வாயில் வேறோர் இசைச் சந்தையில் உள்ளது. ஒலிபெருக்கியை இயக்குபவரையும் இங்குச் சேர்த்தெண்ண வேண்டும். தமிழகச் சிற்றூர் ஒன்றில் ஒலிநாடாக்களை ஒலிபெருக்குவதே வழிபாட்டு நிகழ்த்துதலாக அமைவதைப் பால் கிரீன் 1999இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை எடுத்துக்காட்டியது. மைக் செட்டுக்காரரும் விழாவின் ஒலியை ஆக்குபவரே என்னும் அப்பார்வை, மேளத்தின் அணியை வரையறுப்பதற்கும் பொருந்தும்.

மூன்றாவது, பதிவு. இசைத்தட்டின் உறை ஒவ்வொருவரின் பெயரையும் கருவியையும் அச்சிட்டது. விருந்தினராக வந்த ஃப்ளோரியான் ஃப்ரிக்கவின் பெயர் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் கிடைப்பது அதனாலேயே. இந்தியாவிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடரின் துணையோடு மோக் கருவியைக் கொண்ட மின்னணு இசைக்கூடம் அமைந்தது. 1972 வரையிலான காலத்தில் அங்கு உருவான ஒலிநாடாக்கள் காப்பகத்தில் இருந்தமையால், 2023இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு இசைத்தவர்களின் பெயர்களோடு வெளிவர முடிந்தது. நிறுவனமும் காப்பகமும் உள்ள இடத்தில் அரை நூற்றாண்டு மறதிக்குப் பின்னும் ஆள் மீட்கப்படுகிறார். கொடை விழாவின் மேளத்திற்கு உறையும் இல்லை, காப்பகமும் இல்லை. விழா அழைப்பிதழிலும் சுவரொட்டியிலும் குழுத்தலைவரின் பெயரும் ஆட்டக்கலைஞரின் பெயரும் இடம்பெறும். அதற்குமேல் ‘குழுவினர்’ என்னும் ஒரு சொல் எஞ்சியோர் அனைவரையும் உள்ளடக்கிவிடும்.

மறுப்பும் விளக்கமும்

இவ்வாதத்திற்கு எழக்கூடிய மறுப்பு ஒன்றைக் கருத வேண்டும். ஒத்து ஊதுதல் கடும் உழைப்பு. பெரும்பாலும் சிறுவர்கள் இரவு முழுவதும் செய்த உழைப்பு. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவில் அடக்குமுறையும் இருந்திருக்கும். அப்பணியை இயந்திரம் ஏற்றதை விடுதலையாகவே கொள்ளலாமே என்பது அம்மறுப்பு. இது புறந்தள்ளத்தக்கதன்று. சிறுவர் பள்ளியில் இருக்க வேண்டிய இரவுகளில் மேளத்தோடு அலைந்ததை மரபு என்று போற்றுவது ஆய்வு நேர்மை ஆகாது.

ஆனால், ஒத்தின் உழைப்புச் சுமை நீங்கியபோது அதனோடு பிணைந்திருந்த கல்வியும் நீங்கியது. அக்கல்விக்கு மாற்று என்ன என்பதே வினா. தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகள் நாகசுரத்தையும் தவிலையும் பாடமாகக் கற்பிக்கின்றன. அங்கே கீர்த்தனையும் இராகமும் முறையாகக் கிடைக்கின்றன. கரகாட்டக்காரரின் கால் அசைவைக் கண்டு மெட்டை மாற்றும் நுட்பம், விடியும்வரை மூச்சைப் பங்கிட்டு வாசிக்கும் கணக்கு ஆகியவை நிகழ்த்துகளத்திற்கே உரியவை. பள்ளியில் பயின்ற இளைஞர் இவற்றைக் கற்கக் களத்தில் நிற்க வேண்டும். நிற்பதற்கான இடம் முன்பு ஒத்தாக இருந்தது. இன்று இரண்டாம் நாகசுரக்காரராகவே அவர் நேரடியாக நுழைய வேண்டியுள்ளது. கற்றுக்கொண்டே பங்கு பெறும் இடைநிலை இல்லை. ஆகவே இழப்பு சுருதியில் நேரவில்லை. அடுத்த தலைமுறை மேளத்திற்குள் வரும் வழியில் நேர்ந்துள்ளது. ஒத்தை மீட்க வேண்டும் என்பது இதன் முடிவன்று. ஒத்து செய்த இரண்டாவது பணி எது என்பதை அறியாமல் அதற்கு மாற்றுத் தேட இயலாது என்பதே முடிவு.

ஆய்வுமுறைக்கான பரிந்துரை

நிகழ்த்துகலைக் களஆய்வில் கருவிப் பட்டியலோடு அணிப் பதிவும் இடம்பெற வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு பதிவு எனக் கொள்ளலாம். நாள், ஊர், விழா. அன்று குழுவில் இருந்தோர். ஒவ்வொருவரும் ஏற்ற பணி. அவர் இக்குழுவின் நிலையான உறுப்பினரா, அன்று மட்டும் வந்தவரா. யாரிடம், எந்தப் பணியிலிருந்து கற்கத் தொடங்கினார். குழுவில் உள்ள மின்னணுக் கருவிகள் எவை, அவற்றை இயக்குபவர் யார் என்பவை அதில் அமையலாம். பெயர் வெளியிடுவதற்குக் கலைஞரின் இசைவு பெறுவது கட்டாயம். இசைத்தட்டின் உறை தற்செயலாகச் செய்த பணியை ஆய்வு திட்டமிட்டுச் செய்வதே இது.

இத்தகைய பதிவுகள் ஒரு வட்டாரத்தில் ஐந்து பருவங்களுக்குத் திரண்டால், அணி மாற்றம் குறித்து ஊகமின்றிப் பேச இயலும். பருவ நெருக்கடியால் நேரும் தற்காலிக மாற்றமும், ஒத்துக்காரரின் மறைவு போன்ற நிலைத்த மாற்றமும் அப்போது தனித்தனியே புலப்படும். தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் கலைஞர்களைத் தனிநபர்களாகப் பதிவு செய்கிறது. ஒரு மேளத்திற்குள் எந்தெந்தப் பணிகளுக்கு ஆள் குறைந்துவருகிறது என்பதை அறிய, தனிநபர்ப் பதிவோடு குழுவின் அணிப் பதிவும் தேவை. பயிற்சி உதவித்தொகையை எந்த இடத்தில் நின்று கற்பவருக்கு அளிப்பது என்பதையும் அதன்பின்னரே முடிவு செய்ய இயலும்.

முடிவுரை

டேன்ஜரின் ட்ரீம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் தன் அணியை முழுமையாக மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் வந்தவரும் போனவரும் பெயரோடு அறியப்படுவதால், அக்குழுவின் தொடர்ச்சி பற்றி விவாதிக்க முடிகிறது. கரிசல் நாட்டு நையாண்டி மேளம் ஒவ்வோர் இரவும் அணியை மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. அவ்வியல்பின் நடுவே ஒத்துக்காரர் என்னும் ஓரிடம் நிலையாக நீங்கியதை ஆய்வு கருவி மாற்றமாக மட்டுமே கண்டது. மின்னணுவியல் இரண்டு குழுக்களிலும் நுழைந்தது. ஒன்றில் ஆளின் அறிவைக் கருவிக்கு இடம் பெயர்த்தது. மற்றொன்றில் ஆளையும் அவர் கற்ற இடத்தையும் ஒருசேர நீக்கியது.

ஒத்து ஊதித் தம் கல்வியைத் தொடங்கிய நாகசுரக் கலைஞர்கள் இன்று முதுமையில் உள்ளனர். மின்னணுப் பெட்டிக்கு முன்பும் பின்பும் மேளத்தில் நின்ற கடைசித் தலைமுறை அவர்களே. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் அணிப் பதிவு தொடங்கப்படுமாயின், முதல் பதிவுகள் அவர்களிடமிருந்தே பெறப்பட வேண்டும்: யாருக்கு ஒத்து ஊதினார்கள், எத்தனை பருவம் ஊதினார்கள், ஊதிக்கொண்டே எதைக் கேட்டார்கள் என்பவை அப்பதிவின் முதல் வினாக்களாக அமையலாம்.